சிட்டுவின் தண்டனை நாற்காலி

14.06.2019, வெள்ளிக்கிழமை, முற்பகல் 10.20
கடிதம் எண் 31

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். என் முழங்காலைப் பற்றிக் கேளாதே. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருப்பாய் என நம்புகிறேன்.

எங்களிடம் வளரும் உன் மகளின் சிறப்புப் பள்ளி ஒரு மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறது. சிட்டு சொன்ன பேச்சுக் கேட்பதில்லையாம், மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளிலேயே இவள் தனி ரகமாம், ஆகவே தொலைவிலுள்ள விடுதிக்கு அனுப்ப வேண்டுமாம், 28ஆம் தேதிக்குள் தாயின் கையொப்பம் தேவையாம். 11ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, நாங்கள் இருவரும் வகுப்பில் போய் அமர்ந்தோம். நடத்தைப் பயிற்சியாளர் என்றொரு மேதை, பையை வை, செருப்பைக் கழற்று, கை கழுவு, உட்கார், வளையத்தைக் கம்பியில் மாட்டு என்று ஒரே மூச்சில் கொட்டினார். குழந்தை மலங்க மலங்க விழித்துவிட்டு வளையத் தட்டைத் தள்ளினாள். உடனே தண்டனை நாற்காலி. அது எங்கே இருக்கிறது தெரியுமா? ஜன்னலோரம்! வெளியே பணிமனையில் நுரை பொங்கப் பஸ் கழுவுகிறார்கள், இவள் கைதட்டிச் சிரிக்கிறாள். பாருங்க சார், தண்டனையிலயும் என்ன திமிரு என்றார் மேதை. பஸ் பாக்கத்தான் தட்டைத் தள்ளுறா, இதுகூடவா புரியல என்று உன் அம்மா என் காதில் சொன்னாள். அவள் காதில் சொல்வது தெருமுனை வரை கேட்கும். பெரியம்மா, நான் இதுக்குன்னே படிச்சவன் என்றார் அவர். பரிசைக் கொடுத்துவிட்டு அதற்குத் தண்டனை என்று பெயர் வைக்கும் படிப்பு எந்தக் கட்டடத்தில் நடக்கிறதோ!

உன் அம்மா யாரையும் கேட்கவில்லை. ஒரே ஒரு வளையத்தைக் கையில் கொடுத்து, இதை மாட்டு கண்ணு, மாட்டினதும் பஸ் பாக்கலாம் என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள். மேதை நடுவில் வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடினார். வெகுநேரம் கழித்துச் சிட்டு மாட்டினாள். ஜன்னலுக்குப் போனாள், பஸ் பார்த்தாள், தானாகத் திரும்பி வந்து அடுத்த வளையத்துக்குக் கை நீட்டினாள். தற்செயல் என்றார் அவர். நீங்கள் கற்பித்ததை இந்தக் குழந்தை பிழையின்றிக் கற்றிருக்கிறது, கற்பித்ததுதான் தப்பு என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

நீயும் தொலைபேசியில் சிட்டுவிடம் ஐந்து கேள்விகளை ஒன்றாக அடுக்காதே. ஒன்று கேள், காத்திரு. அழுதுகொண்டே எதிலும் கையொப்பமிடும் பழக்கம் உனக்குண்டு; இதில் வேண்டாம். சிட்டு நம் வீட்டில்தான் வளர்வாள். நீ எல்லா நலமும் பெற்று வாழ்க.

இப்படிக்கு,
அப்பா

இணைப்பு:
1. தலைமையாசிரியையின் கடிதம்.
2. வளையம் மாட்டும் சிட்டுவின் புகைப்படம் (11.06.2019).
3. விடுதி ஒப்புதல் படிவம், நான்கு துண்டுகளாக.