முயல் படம் போட்ட பாக்கெட்

மார்ச் 4, செவ்வாய்

டப்பா இன்றும் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. ஆறு பிஸ்கட் வைத்தேன், ஆறும் இருக்கின்றன. பார்த்தாலே தெரிகிறது, ஆனாலும் எண்ணினேன்.

காலை ஐந்தரைக்கு எழுந்து பிசைந்தது. கோதுமை மாவு, வெண்ணெய், நசுக்கிய பேரீச்சம்பழம். கனமான பாத்திரத்தில் மூடி வைத்துச் சுட்டேன். விளிம்பில் கறுத்ததைக்கூடக் கத்தியால் சுரண்டிவிட்டுத்தான் வைத்தேன். "ஏண்டி சாப்பிடல?" என்று கேட்டால், வாலு பையைக் கழற்றிக்கொண்டே சொல்கிறாள்: "எல்லாரும் பாக்கெட் பிரிப்பாங்கம்மா. நான் மட்டும் டப்பா திறக்கணும். நோயாளி சாப்பாடான்னு கேக்கறாங்க." எட்டு வயதுப் பெண். சொல்லும்போது அழக்கூட இல்லை.

டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. ரத்தம் குறைவு, அடிக்கடி வரும் வயிற்று வலிக்கும் தீனிதான் காரணம், பாக்கெட் சமாச்சாரத்தை நிறுத்துங்கள், வீட்டில் செய்து கொடுங்கள். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். செய்து கொடுப்பது என் வேலை, சரி. தொண்டைக்குள் இறங்க வைப்பது யார் வேலை?

மார்ச் 5

ஆப்பிள் நறுக்கி வைத்தேன். பழுப்பாகித் திரும்பியது.

மார்ச் 6, வியாழன்

வகுப்பு டீச்சர் போன் செய்தார். பதினோரு மணிக்கெல்லாம் வாலு மேசையில் தலை சாய்த்துப் படுத்துக்கொள்கிறாளாம். "வீட்ல சாப்பிட்டுத்தான் வர்றாளாம்மா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம்.

சலவைக்கூடத்தில் இன்று வேலையே ஓடவில்லை. துவைத்து மடித்து வரும் துணிகளைக் கவரில் போட்டு வாயை ஒட்டுவதுதான் என் மேசை. யாரோ ஒருவரின் மூன்று சட்டையை இன்னொருவர் கவரில் போட்டு ஒட்டியே விட்டேன். சூப்பர்வைசர் அக்கா பார்த்ததால் தப்பித்தேன். "உடம்பு இங்க இருக்கு, நீ எங்க இருக்க?" என்றார். எங்கே இருப்பேன்? மூன்றாம் வகுப்பு, இரண்டாவது பெஞ்சில்.

மார்ச் 8, சனி

ஒரு யோசனை வந்திருக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. செய்துதான் பார்ப்போமே.

வாலுவுக்குப் பிடித்தது முயல் படம் போட்ட வட்ட பிஸ்கட். ஒரு பாக்கெட்டில் ஆறு. அதே வட்டத்துக்கு என்னிடம் ஒரு பாட்டில் மூடி இருக்கிறது. பாக்கெட்டின் அடி ஓரத்தை பிளேடால் நூல் பிடித்த மாதிரி நறுக்கினால் முயலுக்கு ஒரு கீறலும் விழாது. உள்ளே நம்முடையதை வைத்து, ஓரத்தை சலவைக்கூடத்து மெஷினில் ஒரு அழுத்து. பதினோரு வருடமாகக் கவர் ஒட்டுகிறேன், நான் ஒட்டினது என்று ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

இது பொய்யா? மருந்தை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுப்பதில்லையா?

மார்ச் 10, திங்கள்

சாப்பிட்டுவிட்டாள்! ஆறும்! பாக்கெட் தந்ததற்கே கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "டாக்டர் திட்ட மாட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். "தினம் ஒண்ணுதான், பரவால்லன்னுட்டார்," என்றேன். வாய் கூசாமல் வந்தது.

மாலையில் வந்து, "இப்ப முயல் பிஸ்கட் டேஸ்ட்ட மாத்திட்டாங்கம்மா, முன்னவிட நல்லாருக்கு," என்றாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

நான்கு நாளும் காலி.

மார்ச் 14, வெள்ளி

வாலுவின் அப்பாவிடம் மாட்டிக்கொண்டேன். பிரித்த பாக்கெட்டின் கடை பிஸ்கட்டை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு அவர் டீயோடு நீட்டிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், ஒரு திருகு குறைந்தாலே கண்டுபிடிக்கிற ஆள், இதை விடுவாரா? "பிஸ்கட் இவ்ளோ இருக்கு, பாக்கெட் ஒண்ணையும் காணமே?" என்றார். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "பொண்ணுக்கு விஷம், எனக்கு மட்டும் அமிர்தமா? நல்ல நியாயம்!"

சிரித்து முடித்ததும் கேட்டார்: "தெரிஞ்சா என்ன பண்ணுவ?"

தெரியாது என்றேன். தெரிய வராது என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். என்ன பண்ணுவேன் என்பதும் எனக்குத் தெரியாது என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

இந்த வாரத்துக்கு மொத்தமாகச் சுட்டுவிட்டேன். ரத்தம் ஊற வேண்டுமே, வெறும் மாவு எதற்கு ஆகும்? வேர்க்கடலையை வறுத்துப் பொடித்து இரண்டு கை சேர்த்தேன். வீடு முழுக்க வாசனை.

பொடிக்கும்போது சுருட்டை ஞாபகம் வந்தது. வாலுவுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண், தலை முழுக்கச் சுருள் முடி, அதனால் அந்தப் பெயர். அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு தூள் பட்டாலும் மூச்சு அடைத்துவிடுமாம். ஆனால் அவள் அம்மா கறார். யார் வீட்டில் செய்ததையும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார், அவளும் தொடமாட்டாள். வாலுவே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஆகவே கவலை இல்லை.

மார்ச் 20, வியாழன்

எழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

வாலு நான்கு மணிக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. சுருட்டைக்கு உதடு வீங்கிவிட்டதாம். முகம் வீங்கியதாம். மூச்சு விட முடியாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டாளாம். டீச்சர் அவள் பையிலிருந்த ஊசியை எடுத்துத் தொடையில் போட்டார்களாம். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப்போனதாம்.

"என்ன சாப்பிட்டா?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"ஒண்ணுமே இல்லம்மா. என் பிஸ்கட்தான் ஒண்ணு குடுத்தேன். பாக்கெட்டுல இருக்கறதை அவ சாப்பிடலாம், பின்னாடி இருக்கறதை எப்பவும் படிச்சுட்டுத்தான் சாப்பிடுவா. இன்னைக்கும் படிச்சா. வேர்க்கடலைன்னு போடவே இல்லம்மா."

ஐயோ.

வீட்டில் செய்ததைத் தொடமாட்டாள், வீட்டில் செய்ததைத் தொடமாட்டாள் என்று நிம்மதியாக இருந்தேனே. அதை வீட்டில் செய்தது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாமல் மறைத்ததே நான்தானே. நான் ஒட்டின ஓரம்.

கடவுளே, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

மார்ச் 21, வெள்ளி

உயிருக்கு ஆபத்தில்லை. மூச்சு சீராகிவிட்டது. டீச்சர் போனில் சொன்னதும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

ஆனால் டீச்சர் அதோடு நிறுத்தவில்லை. "என்ன காரணம்னே புரியலையாம்மா. பாக்கெட்டைப் பாத்துட்டாங்க, அதுல கடலையே இல்லை. புதுசா வேற ஏதோ ஒத்துக்காமப் போயிடுச்சுன்னு நினைக்கிறாங்க. பால், கோதுமை, முட்டை எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. வெறும் சாதமும் உப்பும்தான். டெஸ்ட் மேல டெஸ்ட். பாவம், கையெல்லாம் ஊசி குத்தின தடம்."

இன்னும் பேசினால் உளறிவிடுவேன் என்று பயந்து போனை வைத்துவிட்டேன்.

நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஊசிகள் நின்றுவிடும். இது எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் சலவைக்கூடத்துக்குப் போனேன், கவர் ஒட்டினேன், வீட்டுக்கு வந்தேன், துணி காயப்போட்டேன்.

மார்ச் 22, சனி

அவரிடம் சண்டை. இல்லை, சண்டை என்று சொல்ல முடியாது. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"பிள்ளை பொழைச்சுடுச்சு. இப்பப் போய் நான்தான்னு சொன்னா என்ன நடக்கும்னு யோசிச்சியா? போலீஸ் வரலாம். ஸ்கூல்ல வாலு எப்படி உக்காருவா? உன் வேலை நிக்குமா? ரெண்டு நாள் போனா டாக்டருங்களே விட்டுடுவாங்க."

"விட்டுட்டு? அவ வாழ்நாள் முழுக்கப் பால் குடிக்காம, ரொட்டி தொடாம இருக்கணுமா? எனக்காக?"

"நான் தப்புன்னு சொல்லல. எனக்குப் பயமா இருக்குன்னு சொல்றேன்."

எனக்கு மட்டும் என்ன? நேற்றிலிருந்து வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன். வாலுவின் தலையைப் பின்னும்போது, என்றாவது ஒருநாள் இவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்து வகிட்டைக் கோணலாக எடுத்துவிட்டேன்.

நல்லதுதானே செய்ய நினைத்தேன்? ஆமாம். அதைச் சொல்லிச் சொல்லித்தான் பத்து நாள் ஓட்டினேன்.

மார்ச் 23, ஞாயிறு

போனேன். சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரி மூன்றாவது மாடி. சுருட்டை தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மகள் இந்த வாரம் சாப்பிட்ட ஒவ்வொன்றையும், எந்த நேரம், எவ்வளவு என்று. என்னைப் பார்த்ததும் எழுந்து, "உங்க பொண்ணு எப்படி இருக்கா? பயந்துட்டாளாமே," என்று கேட்டார். என் பெண்ணைப் பற்றிக் கேட்டார்!

உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். பாக்கெட் கடையில வாங்கினது, பிஸ்கட் நான் சுட்டது. நான்தான் ஒட்டினேன். அதுல வேர்க்கடலை இருக்கு.

அவர் என்னைத் திட்டுவார், அடிப்பார் என்றெல்லாம் எண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவர் பேனாவைத் திறந்து, "எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு கை. முப்பது பிஸ்கட்டுக்கு."

"வறுத்ததா, பச்சையா?"

"வறுத்தது."

எழுதினார். என்னை அழைத்துக்கொண்டு போய் டாக்டரிடம் மறுபடி அப்படியே சொல்ல வைத்தார். டாக்டர் நாளைக்கான பரிசோதனைகளை அடித்தார். அதற்குப் பிறகுதான் சுருட்டையின் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"யார் குடுத்தாலும் வாங்காதே, பாக்கெட்டுல எழுதியிருந்தா மட்டும் நம்புன்னு நாலு வயசுலேர்ந்து சொல்லிக் குடுத்திருக்கேன். இனிமே அவளுக்கு நான் எதை நம்பச் சொல்றது?" குரல் அப்போதுதான் உடைந்தது. "நீங்க போங்க. தயவு செஞ்சு போங்க."

மன்னிப்புக் கேட்டேனா? கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். படிகளில் இறங்கும்போது எதிரில் வந்தவர் மேல் மோதிக்கொண்டேன்.

மார்ச் 24, திங்கள்

சுருட்டைக்கு இன்று பாலும் ரொட்டியும் கொடுத்தார்களாம். பள்ளியில் தலைமை ஆசிரியர் அறையில் ஒரு மணி நேரம். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மேற்கொண்டு என்ன என்பது சுருட்டையின் பெற்றோர் கையில் என்றார்.

வாலுவிடமும் சொல்லிவிட்டேன். அவள் அப்பாவும் கூடவே உட்கார்ந்திருந்தார். முடித்ததும் கேட்டாள்: "அவ முதல்ல வேண்டாம்னுதான்மா சொன்னா. நான்தான், பயப்படாதே, பாக்கெட்டுதான்னு சொன்னேன். அப்ப நான் பொய் சொன்னேனா?"

இல்லடி செல்லம், நீ இல்ல, நான் — என்று கிட்டப் போனேன். அவள் அப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மார்ச் 27, வியாழன்

நான் வைக்கும் எதையும் சாப்பிடுவதில்லை. தண்ணீரைக்கூடத் தானே குழாயில் பிடித்துக் குடிக்கிறாள். அவர் வாங்கி வரும் ரொட்டியை மட்டும், அதையும் தன் கையாலேயே பிரித்து.

"சாதத்துல என்ன போட்ட?" என்று கேட்டாள். உப்பு என்றேன். "வேற?" என்றாள்.

வேற ஒன்றுமில்லை. சத்தியமாக ஒன்றுமில்லை. சத்தியம் செய்ய எனக்கு இப்போது வாய் இருக்கிறதா?

ஏப்ரல் 3, வியாழன்

சுருட்டை பள்ளிக்கு வந்துவிட்டாள். வேறு பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவள் பெற்றோர் போலீசுக்குப் போகவில்லை என்று டீச்சர் சொன்னார். நன்றி சொல்ல அவர்களைத் தேடிப் போக வேண்டாம் என்றும் சொன்னார். போகவில்லை.

வாலு மெலிந்துவிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. டாக்டரிடம் மறுபடி கூட்டிப்போக வேண்டும். என்னவென்று சொல்லப் போகிறேன்?

ஏப்ரல் 9, புதன்

காலையில் மாவு பிசையவில்லை. அந்தப் பக்கமே போவதில்லை இப்போதெல்லாம். டீ போட்டுக்கொண்டிருந்தேன். வாலு முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து மேடையருகே போட்டு ஏறி நின்றாள். பிஸ்கட் செய் என்றாள்.

ஒவ்வொரு டப்பாவாகத் தானே இறக்கினாள். மாவை நுனி விரலில் தொட்டு நக்கிப் பார்த்தாள். வெண்ணெயை முகர்ந்தாள். பேரீச்சம்பழத்தில் ஒன்றைப் பிய்த்துத் தின்றாள். வேர்க்கடலை இப்போது வீட்டில் கிடையாது, ஆனாலும் அலமாரியின் மூன்று தட்டிலும் தேடினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் எடுத்துக் கொடுத்ததை மட்டும் போட்டேன். அடுப்பில் இருக்கும்போதுகூட நகரவில்லை. "வாலு, பஸ் வந்துடும்," என்று அவர் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். காதில் வாங்கவில்லை.

ஆறியதும் ஆறு எடுத்து டப்பாவில் வைத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீ சாப்பிடு."

"எனக்கு வேண்டாம்டி, உனக்குத்தானே —"

"நீ சாப்பிடு."

சாப்பிட்டேன். நான் விழுங்கும் வரை என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூடியை அழுத்தி மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.