முப்பத்தொன்பதுக்கு எட்டு

அன்பான அத்தாவுக்கு,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மவுத்தானவர்களுக்காகத் துஆ கேட்க வேண்டுமே தவிர, கடுதாசி எழுதக் கூடாது என்று அம்மா சொல்லும். துஆவும் கேட்கிறேன். ஆனால் அதில் கார் விஷயத்தையெல்லாம் கொண்டுவரத் தயக்கமாக இருக்கிறது. நீங்கள் இருந்தபோதே உங்களிடம் எதையும் முழுதாகச் சொல்லி முடித்தவள் இல்லை நான். எழுதினால்தான் எனக்கு வார்த்தை வருகிறது.

அம்மா நலம். பிரியாணி ஆர்டர்களை விடவில்லை. நாகல் நகர் வீட்டு வாசலில் சமைத்து, தம் போட்டு, பின் சீட்டைக் கழற்றிய நம் அம்பாசிடரில் இரண்டு தேக்சாவையும் ஏற்றி விருந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். ஓட்டுவது நான். சிரிக்காதீர்கள்.

ஓட்டுவதால்தான் கேட்கிறேன். பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு அந்தப் பழைய வேன் டீசல் எஞ்சினைப் போட்டீர்கள், சரி. பின் ஆக்சிலில் இருக்கிற பல்சக்கர செட்டை ஏன் அப்படியே விட்டீர்கள்? பெரிய சக்கரமான கிரவுனில் முப்பத்தொன்பது பல், சின்னதான பினியனில் எட்டு. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சினிலிருந்து வருகிற ஷாஃப்ட் ஏறக்குறைய ஐந்து சுற்றுச் சுற்ற வேண்டும். பெட்ரோலுக்கு அது பொருந்தியது. டீசலோ மெதுவாகச் சுற்றி இழுக்கிற எஞ்சின். அறுபதைத் தாண்டினால் அலறுகிறது. எழுபதில் சூட்டு முள் ஏறுகிறது. பழனி ரோட்டில் டவுன் பஸ்கூட ஹாரன் அடித்து என்னை முந்துகிறது.

போன மாதம் நெய்க்காரப்பட்டியில் ஒரு காதுகுத்து விருந்து. வழியில் எஞ்சின் ஆற இரண்டு முறை நிறுத்தி, முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய் இறங்கினோம். இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். விருந்து வீட்டுக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, பிரியாணி காதுகுத்துக்குத்தானுங்களா, இல்ல புள்ள கல்யாணத்துக்குங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தலையைக் குனிந்தபடி தேக்சாவின் மூடியைத் திறந்தது. வருகிற மாதம் அவர் வீட்டிலேயே இன்னொரு விருந்து. அன்றைக்கும் தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பழனிப் பக்கத்து ஆர்டர்கள் போனால் அம்மாவுக்குப் பாதி வேலை போய்விடும்.

உங்கள் சிநேகிதர், மெக்கானிக் சேகர் அண்ணன் பட்டறைக்குப் போனேன். பேசத் தைரியமில்லாமல் கணக்கைத் தாளில் எழுதி நீட்டினேன். நாற்பத்து மூன்றுக்குப் பத்து பல் செட் போட்டால், எண்பதில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட நானூறு சுற்றுக் குறைவாகச் சுற்றும். நம் வீட்டின் முதல் பட்டம் இதற்காவது உதவட்டுமே.

"கணக்கு சரியாத்தான் இருக்கு பாப்பா."

"அப்பப் போட்டுரலாமாண்ணே?"

"அது முடியாது."

காரணம் நீங்கள். காரைத் தூக்கிக் காட்டினார். ஆக்சிலை மூடிய ஹவுசிங்கில் வெள்ளைப் பெயிண்டில் உங்கள் கையெழுத்து: '39–8. மாத்தாதே.' உள்ளே இருப்பது எந்த செட் என்று பட்டறையில் எழுதிவைப்பது வழக்கம்தான். 'மாத்தாதே' மட்டும் உங்கள் சொந்தச் சரக்கு.

"நாப்பத்திமூணு-பத்து போடுங்க பாய்னு அன்னைக்கே நான் சொன்னேன். 'சிறுமலைக்கு ஏத்தணும்ல, இழுவை வேணும், ஒனக்கென்ன தெரியும்'னாரு. நானும் வாய்க்கு வந்ததப் பேசிட்டு வந்துட்டேன். அடுத்த வாரமே அவரு இல்ல. இப்ப மாத்துனா, ஆளில்லாத நேரத்துல நான் ஜெயிச்ச மாதிரி ஆயிரும். அம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும், பாப்போம்."

உங்களோடு சண்டை போட்டவரே இன்று உங்கள் கட்சி. அந்த நாற்பத்து மூன்று-பத்து செட்டை கிரீஸ் தடவி, கோணியில் சுற்றி இன்னும் வைத்திருக்கிறார், அத்தா.

சிறுமலைக்கு நாம் போன ஆர்டர் எத்தனை? ஒன்றே ஒன்று. இருந்தாலும் உங்களுக்காகப் போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு தேக்சாவிலும் தண்ணீர் நிரப்பிக்கொண்டு மலை ஏறினேன். ஒரு கொண்டை ஊசி வளைவிலும் முதல் கியர் தேவைப்படவில்லை. இழுவை அவ்வளவு மிச்சம் இருக்கிறது. செட்டை மாற்றினாலும் கார் ஏறும்.

அம்மாவிடம் சொன்னேன்.

"அது அவரு சொல்லிட்டுப் போன வஸியத்துடி."

"பெயிண்ட்ல எழுதுனா உயில் ஆயிருமாம்மா?"

"எதுல எழுதுனா என்ன? மாத்தணும்னா அவரே எங் கனவுல வந்து சொல்லட்டும்."

சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டது. இதற்கு எந்தக் கணக்கை எழுதி நீட்டுவது?

என்மேலும் எனக்குக் கோபம்தான். எஞ்சின் மாற்றிய அன்றைக்கே இந்தக் கணக்கைப் போட்டேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போதும் இருக்கிறது. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். சொல்லத்தான் வந்தேன். "இன்னும் வெஞ்சனம் வைக்கவா அத்தா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அன்று சொல்லியிருந்தால் என்னையும் திட்டியிருப்பீர்கள். பிறகு யோசித்திருப்பீர்களா?

செட் மாறியதும் ஹவுசிங்கில் '43–10' என்று நானே எழுதுவேன். உங்கள் எழுத்தை அழிக்க மாட்டேன், அதற்குக் கீழே எழுதுவேன். 'மாத்தாதே' என்று மட்டும் எழுத மாட்டேன். சிறுமலை ஆர்டர் எப்போது வந்தாலும் மறுக்க மாட்டேன். இது சத்தியம்.

இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது ஒன்றைக் கேட்கத்தான். அந்த விருந்துக்குள் ஒரே ஒரு தடவை அம்மாவின் கனவில் வாருங்கள், அத்தா. நலம் விசாரித்துக்கொண்டு நிற்க வேண்டாம், அது அழுதுவிடும். "நாப்பத்திமூணுக்குப் பத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

நீங்கள் 'வாயில்லாப் பூச்சி' என்று கூப்பிட்ட உங்கள் மகள்