எல்லைக்கு அந்தப் பக்கம் சம்பந்தி

9 டிசம்பர் 2022, வெள்ளி

ஜும்மா தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்ததும் கோயம்புத்தூர் கார் ஒன்று வந்து நின்றது. கால் கிலோ காப்பித்தூள் வாங்க அரை மணி நேரம் மோந்து பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து வேலூரிலிருந்து பைசல் போன். "அத்தா, ருக்சானாவுக்கு விசா வந்துருச்சு." அந்தக் கோயம்புத்தூர்க்காரருக்கு அரை கிலோவாகவே கட்டிக் கொடுத்துவிட்டேன், கால் கிலோ விலைக்கு.

நிக்காஹ் ஆகி எட்டு மாதம். மருமகளை நானும் என் மனைவி கதீஜாவும் போனில்தான் பார்த்திருக்கிறோம். பைசல் வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறான். வைத்தியத்துக்கு வரும் பங்களாதேஷ்காரர்களோடு பேசிப் பேசி அவர்கள் பாஷையைப் படித்துக்கொண்டான். மனைவியின் ஆபரேஷனுக்காக மகளையும் கூட்டிக்கொண்டு வந்த ஜெசோர் ஊர் வாத்தியார் குடும்பத்தோடும் பேசினான். மகள் ருக்சானாவோடு கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டான். அவர்கள் ஊர் திரும்பிய பிறகுதான் எங்களிடம் வாயைத் திறந்தான். எனக்குக் கோபம். நிக்காஹுக்கு அவனை மட்டும் அனுப்பினேன். அந்தக் கோபம் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

இது முன்பு மாதிரி ஆஸ்பத்திரி விசா இல்லை. இந்தியரின் மனைவி என்று வருஷக்கணக்கில் தங்கும் விசா.

10 டிசம்பர்

கதீஜா நாலு தலையணை உறை தைத்துவிட்டாள். இரண்டு பேருக்கு எதற்கு நாலு?

18 டிசம்பர், ஞாயிறு

ருக்சானா தரைவழியாக வருகிறாள். அவர்கள் ஊரிலிருந்து எல்லை ஒரு மணி நேரம்தானாம். அவளுடைய அத்தா கொண்டுவந்து விடுவார், இந்தப் பக்கம் பைசல் போய்க் கூட்டி வருவான். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நிக்காஹுக்குத்தான் போகவில்லை, இதற்காவது போக வேண்டாமா? சம்பந்தியைப் பார்த்த மாதிரியும் ஆகும்.

செம்மநத்தத்துச் சித்தனிடம் அஞ்சு கிலோ மிளகு சொல்லியிருக்கிறேன். "சம்பந்திக்குன்னா சொத்தை இல்லாம பொறுக்கித் தரோணுமுங்க" என்றான். நல்ல மனுஷன்.

எனக்குத் தெரிந்த எல்லை எங்கள் மலை அடிவாரத்துச் செக்போஸ்ட்தான். குறுக்கே ஒரு கம்பம், பக்கத்தில் டீக்கடை. அவர் அந்தப் பக்கம் வந்து நிற்பார், நான் இந்தப் பக்கம் நிற்பேன். கையைக் கொடுப்போம், டீ சாப்பிடுவோம், மிளகைக் கொடுப்பேன். லீவுக்கு வந்திருந்த பைசல் ஏதோ சொல்ல வந்து சிரித்துக்கொண்டான்.

2 ஜனவரி 2023, திங்கள்

நாளை கிளம்புகிறோம். கடையையும் கடை போனையும் கதீஜாவிடம் ஒப்படைத்தாயிற்று. "ஹிந்தியில எவன் பேசுனாலும் கட் பண்ணிரு, ஏடிஎம் நம்பர் கேப்பானுங்க, ஒன்னும் சொல்லிராத" என்று மூன்று முறை சொன்னேன். "ஏனுங்க, நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றாள்.

4 ஜனவரி

ரயில். ஆந்திரா முடியவே முடியாது போலிருக்கிறது.

6 ஜனவரி, வெள்ளி. கல்கத்தா, லாட்ஜ்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலை எட்டரைக்கு எல்லையில் இருக்கும் பெட்ராபோலில் இறங்கினோம். செக்போஸ்ட்டா அது! கண்ணுக்கு எட்டிய வரை லாரி. ஒரு ஜவான் பாஸ்போர்ட் கேட்டார். பைசலிடம் இருக்கிறது, அந்த நாட்டு விசா இப்போது இல்லை. என்னிடம் பாஸ்போர்ட்டே இல்லை. இதற்கு மேல் போகக் கூடாது என்று கையைக் காட்டினார். டீக்கடைப் பெஞ்சில் மிளகுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சம்பந்தி போனில் வந்தார். அவரையும் அந்தப் பக்கத்துக் கேட்டில் நிறுத்திவிட்டார்களாம். எங்களுக்கு நடுவே ஐந்நூறு மீட்டர் இருக்கும் என்றான் பைசல். "கை ஆட்றாராம் அத்தா, நீல ஸ்வெட்டராம், தெரியுதான்னு கேக்கறாரு." நானும் எழுந்து நின்று கை ஆட்டினேன். இரண்டு கிழவர்களும் லாரிகளுக்கு டாட்டா காட்டிக்கொண்டு நின்றோம்.

பத்தே காலுக்கு ருக்சானாவை அந்தப் பக்கம் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். அரை மணியில் வந்துவிடுவாள் என்றான். பதினொன்றரை. பன்னிரண்டரை. வரவில்லை. அவள் போனுக்கு லைன் கிடைக்கவில்லை, எல்லை தாண்டினால் அந்த சிம் வேலை செய்யாது. சம்பந்தி பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை கூப்பிட்டார். ஒரே கேள்வி, பைசலிடம் ஒரே பதில். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அங்கே கிளம்பியாயிற்று, இங்கே சேரவில்லை – அப்ப எங்க இருக்கறா அந்தப் புள்ள? யா அல்லாஹ், திருப்பி அனுப்பிட்டா என்ன பண்றது? ஒம்பது மாசம் காத்திருந்தாளே. நான் அன்னிக்குக் கோவப்பட்டதுக்கா இது?

ஒன்று பத்துக்குக் கதீஜா போன்.

"ஏனுங்க, மருமவ வந்துட்டாளா? இங்க ஒரு இந்திக்காரன் உசுர வாங்கறானுங்க. மூணு தடவ கட் பண்ணுனேன். நாலாவது தடவ, போலீசுல புடிச்சுக் குடுத்துருவேன்னு நல்லா திட்டி வுட்டேன்."

மிளகுப் பையோடு எழுந்து நின்றுவிட்டேன்.

"அடிப்பாவி, அது போலீசேதான்டி!"

விசா விண்ணப்பத்தில், இந்தியாவில் விசாரிக்க வேண்டிய போன் நம்பர் என்ற இடத்தில் கடை நம்பரைப் போடச் சொன்னவன் நானேதான். பைசல் தன் நம்பரைப் போடுகிறேன் என்றான். குடும்பத் தலைவன் நான் இருக்கும்போது உன் நம்பர் எதற்கு என்று சட்டம் பேசினேன். அந்த நம்பரைத்தான் எல்லையில் விசா பார்க்கும் அதிகாரி கூப்பிட்டிருக்கிறார். புகுந்த வீடே போனை வைத்துவிட்டால் யார் நம்புவார்கள்?

"நீங்கதானுங்க கட் பண்ணச் சொன்னீங்க" என்று அழுதாள் கதீஜா.

"நாந்தான் சொன்னேன். என்மேலதான் தப்பு. இப்ப அதே நம்பருக்கு நீயே கூப்புடு. ருக்சானா பேர மட்டும் சொல்லு, போதும்."

இருபது நிமிஷம். போர்ட்டர் ஒருவன் இரண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தான், பின்னால் சிவப்பு சால்வையில் அவள். எனக்கு சலாம் சொன்னாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பைசல் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டு வேறு எங்கோ பார்த்தான், என் எதிரில் வெட்கமாம். நான் டீக்கடைக்காரரிடம் சர்க்கரை கேட்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உள்ளே நடந்ததை ஆட்டோவில் அவள் சொன்னாள். வேலூரில் பழகிய தமிழ், தட்டுத்தடுமாறி வந்தாலும் புரிகிறது. அதிகாரி போனை ஸ்பீக்கரில் போட்டாராம். "ருக்சானா! ருக்சானா!" என்று கதீஜா போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்ததாம். "மாமி, நான்தான்" என்று இவள் சொன்னதும், "சாப்ட்டியா கண்ணு? பட்டினியாவா ஒக்கார வெச்சிருக்கறான்? அந்தாளுக்கு அக்கா தங்கச்சி இல்லையா?" என்று பிடித்துக்கொண்டாளாம். என்ன சொல்கிறார்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். இவள் ஒரு வார்த்தை விடாமல் ஹிந்தியில் சொல்லிவிட்டாள். அவர் முத்திரையை எடுத்துக் குத்தினாராம். "மாமியார் நேரில் வருவதற்குள் போய்விடு" என்றாராம்.

மிளகு? வேலூரில் இருதய ஆபரேஷன் செய்துகொண்டு ஊர் திரும்பும் ஒரு பெரியவர் குடும்பத்தோடு பைசல் பேசி அவரிடம் கொடுத்தான். அவர் பையைப் பிரித்துக் கொட்டிப் பார்த்தார், நியாயம்தானே. பிறகு முகர்ந்துவிட்டு, ஆஸ்பத்திரியில் கற்ற தமிழில் என்னிடம், "மூச்சு இழுங்க, மூச்சு விடுங்க" என்றார். மூன்று மணிக்கு சம்பந்தி கையில் பை சேர்ந்துவிட்டது. சித்தன் தோட்டத்து மிளகு எல்லை தாண்டிவிட்டது, நான் தாண்டவில்லை.

9 ஜனவரி

வீடு. பஸ் ஸ்டாண்டிலேயே மாமியாரும் மருமகளும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில், யாருங்க தவறிட்டாங்க என்று கண்டக்டர் என்னிடம் கேட்டார்.

19 ஜனவரி

ருக்சானாவுக்கு வெளிநாட்டார் பதிவு முடிந்தது. பைசலுக்கு இங்கேயே ரிசார்ட்டில் வேலை.

26 மார்ச், ஞாயிறு

நோன்புக் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "மாமா, இது ஆபரேஷன் ஆனவங்களுக்கு கொடுக்கிறதா?" என்று கேட்டாள் ருக்சானா. கதீஜா அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு அவளே மிளகாய் கிள்ளிப் போட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

30 ஜூலை, ஞாயிறு

ருக்சானாவுக்கு ஐந்தாம் மாதம். இன்று வீட்டில் பஞ்சாயத்து. முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்கிறாள் கதீஜா. "மறுபடியும் அந்த எல்லையாம்மா? பொறந்ததும் பாப்பாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கோணும், அதுக்கு எத்தன மாசமோ. சேலத்துல இல்லாத டாக்டரா?" என்கிறான் பைசல். அவன் சொல்வதுதான் சரி என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன். "சரி மாமா" என்றாள் ருக்சானா. உடனே.

31 ஜூலை

அந்த "சரி" எனக்குப் பிடிக்கவில்லை. நான் நிக்காஹுக்கு வர மாட்டேன் என்றபோது பைசலும் இப்படித்தான் "சரி அத்தா" என்றான்.

பயம் அவளுக்கு இல்லை. எனக்குத்தான். அந்த மூன்று மணி நேரத்தை நான்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அதற்காக ஒரு பெண்ணுக்கு அவள் அம்மாவை இல்லாமல் செய்ய முடியுமா?

1 ஆகஸ்ட்

தீர்ப்பை மாற்றினேன். அவள் விசாவில் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம் என்றுதான் போட்டிருக்கிறது. பைசலைக் கடையில் உட்கார வைத்துவிட்டு சேலம் போய் எனக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன்.

25 ஆகஸ்ட், வெள்ளி

பாஸ்போர்ட் விசாரணைக்குக் கான்ஸ்டபிள் வந்தார்.

"இந்த வயசுல எங்கீங்க பாய், துபாயா?"

"இல்லீங்க. சம்பந்தி ஊட்டுக்கு. மருமவளைப் பிரசவத்துக்குக் கொண்டுபோய் விடோணும்."

"மருமவ எந்த ஊருங்க?"

சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

சாயங்காலம் சம்பந்திக்குப் போன் போட்டோம். இந்தத் தடவை கேட்டுக்கெல்லாம் வந்து நிற்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும், நானே கூட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறேன் என்று அவரிடம் சொல்லச் சொன்னேன். ருக்சானா அதை அவர்கள் பாஷையில் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் அந்தப் பக்கம் காத்திருந்தார்.

"வர்றனுங்க" என்றேன், தமிழிலேயே.