ஐந்தாவது குண்டு

மேல்கணக்கு லயம், தொங்கல் காம்பரா,
கொட்டகலை.
9 ஜூன் 2024

மதிப்புக்குரிய யோகேஸ்வரன் ஐயா அவர்களுக்கு,

நாகலெட்சுமி எழுதிக்கொண்டது. இங்கே மழை நலம். நாங்கள் நனைந்தபடி நலம். கொழும்பில் வெயிலும் நீங்களும் நலமா?

முதலில் போன்தான் பண்ணினேன். நீங்கள் "ஆ? யாரு? ஆ?" என்று கேட்டுவிட்டு, "இன்னைக்கு மீன் வேணாம்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதனால் கடிதம். நான் படித்தது நாலாம் வகுப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என் வீட்டுக்காரர் மூக்கன், துரைமார் கிளப்பில் வேலை பார்த்தவர். கிளப்பை மூடின அன்று ஆளுக்கொரு நாற்காலி கொடுத்தார்கள். இவர் மட்டும், "நாற்காலி வேணாம் தொரை, அந்தப் பின்போல் மெசினைக் குடுங்க" என்று கேட்டு, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அமெரிக்காவில் செய்த பழசு, கண்ணாடிக்கு அடியில் குண்டு ஓடவிட்டு ஆடுகிற சாதி. கட்டில் நீளம். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் பாதியை அது பிடித்துக்கொண்டது. நாங்கள் இன்றைக்கும் பலகையில்தான் உட்காருகிறோம்.

வேலை முடிந்து வந்தால் தேத்தண்ணி குடிக்குமுன் மெசின். டிங் டிங் என்று குண்டு மணியில் முட்டும், எண் ஏறும். "கோயில் மணி கூட இத்தனை அடிக்காது, அங்கேயாவது சுண்டல் தருவாங்க" என்று திட்டுவேன். காதில் விழாது.

மார்ச் மாதம் அவர் மோசம் போய்விட்டார். நெஞ்சுவலியில் உயிர் போனது. இப்போது மெசினும் வேலை செய்யவில்லை. வலது கைப் பித்தானைத் தொட்டதும் புகை வந்தது. குண்டை அடிக்க இரண்டு கை இருக்குமே, அதில் வலது கை. உள்ளே கம்பிச்சுருள் கருகியிருந்தது. காயில் என்கிறார்கள், அதைத் தேயிலை பக்டரியில் மெசின் பார்க்கும் பிட்டர் சிவசாமி அண்ணன் கழற்றித் தந்தார். இத்துடன் அனுப்புகிறேன். ரிப்பேருக்கு என்று உங்கள் விலாசமும் நம்பரும் மெசின் அடியில் ஒட்டியிருந்தது. இதைப் போல ஒன்று தேடித் தருவீர்களா?

இப்படிக்கு,
மூ. நாகலெட்சுமி


கொட்டாஞ்சேனை, கொழும்பு.
20 ஜூன் 2024

அம்மா,

கடிதமும் காயிலும் கிடைத்தன. துக்கத்துக்கு என் அனுதாபம். மீன்காரர் என்று நினைத்ததற்கு மன்னிக்கவும். இந்த மெசின்களின் மணியோடு வாழ்ந்து என் காது போய்விட்டது. எழுதுவதே நல்லது.

எலி கடித்த காயில் பார்த்திருக்கிறேன். பியர் குடித்த காயில் பார்த்திருக்கிறேன். மஞ்சள் பூசிக் குளித்த காயிலை இப்போதுதான் பார்க்கிறேன். என்னம்மா செய்தீர்கள்?

இந்தச் சாமான் கிடைப்பது கஷ்டம். செத்த மெசின் ஒன்றிலிருந்து கழற்றி வைத்தது, என்னிடம் ஒன்றே ஒன்று உண்டு. தருகிறேன். பதிலுக்கு உங்கள் மெசினில் எண் காட்டும் சக்கரங்களைக் கழற்றி அனுப்புங்கள். நீர்கொழும்பில் ஓர் ஓட்டல் மெசினுக்கு அவை தேவை. உலகம் முழுக்கத் தேடியும் அகப்படவில்லை. எண் தெரியாவிட்டாலும் குண்டு ஓடும், மணி அடிக்கும். உங்களுக்கு அது போதும்தானே?

யோகேஸ்வரன்


கொட்டகலை.
30 ஜூன் 2024

யோகேஸ்வரன் ஐயாவுக்கு,

கடிதத்தைப் படித்ததும் வயிறு எரிந்துவிட்டது. தாலி அறுத்தவளிடம் வந்து, அந்தத் தாலிக்குண்டையும் கொடு என்று கேட்பதுபோல் கேட்கிறீர்களே.

மஞ்சள் விசயம் முதலில். பிரேதம் வைக்க இடம் வேண்டும் என்று மெசினைப் பக்கத்துக் காம்பரா தனுஜா வீட்டு வாசல் இஸ்தோப்பில் வைத்தோம். கருமாதி முடிந்து திரும்ப எடுத்தோம். தீட்டுச் சாமானைக் கழுவாமல் உள்ளே எடுக்கலாமா? எல்லாவற்றுக்கும் ஊற்றினதுபோல அதற்கும் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். உங்கள் கொழும்பில் தெளிப்பதோடு விடுவீர்களோ என்னவோ. நான் நன்றாகத்தான் கழுவுவேன்.

அடுத்தது சக்கரம். மோசம் போன அன்றைக்கு அவர் ஆடிக்கொண்டிருந்தார். ஐந்து குண்டில் நாலு முடிந்தது. எண் நாற்பத்தெட்டாயிரத்து எழுநூற்று முப்பது. அவ்வளவு உயரம் அவரே கண்டதில்லை. "நாகு, இங்க வந்து பாரு!" என்று கத்தினார். நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். "அது ரொட்டி போடுமா?" என்று கேட்டேன். அந்நேரம் மழைக்குக் கரண்டு போனது. "கரண்டு வந்ததும் கடைசிக் குண்டை விடுறேன்" என்று சொல்லிப் படுத்தார். எழும்பவில்லை.

அந்த எண் இன்னும் அப்படியே நிற்கிறது. ஐந்தாவது குண்டும் வாசலிலேயே நிற்கிறது. மெசினைத் திரும்பத் தூக்கிவரும்போது தனுஜா கண்ணாடிமேல் கையை வைத்து, "இரு சித்தப்பா, ஓடிறாத, இரு" என்று அவரிடமே பேசுவதுபோல் குண்டிடம் கெஞ்சிக்கொண்டே வந்தாள். அந்தச் சக்கரத்தையா கேட்கிறீர்கள்?

எனக்கு மணிச்சத்தம் வேண்டும். எண்ணும் வேண்டும். இரண்டும் முடியாது என்றால் என் கருகின காயிலைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நாகலெட்சுமி


கொட்டாஞ்சேனை.
11 ஜூலை 2024

தங்கச்சி நாகலெட்சுமிக்கு,

சக்கரத்தைக் கேட்டது என் தப்பு. ஓட்டல்காரர் காத்திருக்கட்டும். காயில் இத்துடன் வருகிறது. பதிலுக்கு ஒன்றும் வேண்டாம். சிவசாமி மாட்டட்டும். மாட்டுமுன் உள்ளே உள்ள எல்லாவற்றையும் துணியால் துடைத்து, நன்றாகக் காயவைக்கவும். தயவுசெய்து கழுவ வேண்டாம்.

பயப்படாதீர்கள். இந்த மெசினுக்கு மூளை கிடையாது. எந்தச் சக்கரம் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும். கரண்டு கொடுத்தால் மூக்கன் விட்ட இடத்திலிருந்துதான் ஆட்டம் தொடரும். சிவப்புப் பித்தானை மட்டும் அமுக்காதீர்கள். அது புது ஆட்டம். அமுக்கினால் எண் முழுதும் பூச்சியமாகிவிடும்.

இன்னொன்று. மெசினை இடம் மாற்றியிருக்கிறீர்கள். பக்கவாட்டில் சரிந்திருந்தால், யாரோ ஆட்டுகிறார்கள் என்று அது கோபித்துக்கொண்டு விளக்கை அணைத்துவிடும். அந்தக் குண்டு வீண். பக்கத்துக்குப் பக்கம் மட்டமாக இருக்க வேண்டும். ஆடுகிறவர் பக்கம் கொஞ்சம் தாழ வேண்டும். நீர்மட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

யோகேஸ்வரன்


கொட்டகலை.
28 ஜூலை 2024

அண்ணன் யோகேஸ்வரனுக்கு,

காயில் வந்தது. சிவசாமி அண்ணன் மாட்டினார். வலது கையின் ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தது. தனுஜா மகளின் ரப்பர் வளையலைப் போட்டோம். ரோசா நிறம். கை இப்போது கலியாண வீட்டுக்குப் புறப்பட்டதுபோல் இருக்கிறது.

நீர்மட்டம் என்று எழுதியிருந்தீர்கள். அது இங்கே யாரிடம் இருக்கிறது? கொழுந்து எடுக்கும்போது செடியின்மேல் போட்டு மட்டம் பார்ப்போமே, அந்த மட்டக்கம்பை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தேன். இந்த மலையையே மட்டக்கம்பு வைத்துத்தான் சீராக்கினோம், ஒரு மெசின் எம்மாத்திரம்? வாசல் நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இடது பக்கம் சரிந்திருந்தது. முன்பு அவர் அந்தக் காலுக்குக் கட்டை வைத்திருப்பார் போல. செத்த வீட்டுக் கூட்டத்தில் அதை யாரோ அடுப்பில் வைத்துவிட்டார்கள். தேயிலைக் கட்டையை வெட்டி முட்டுக்கொடுத்தோம். சிவசாமி அண்ணன் எட்டி நின்று, "மேற்பார்வைக்குக் கண்டாக்கையா வந்தாலும் இதுல குத்தம் சொல்ல முடியாது" என்றார்.

சுவிட்சைப் போட்டோம். விளக்கு எல்லாம் எரிந்தது. எண் அப்படியே நின்றது. லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்க இஸ்தோப்பில் கூடிவிட்டது. தனுஜா கண்ணாடிமேல் சூடம் கொளுத்த வந்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

ஆனால் குண்டை விட எனக்குக் கை வரவில்லை, அண்ணே. விட்டால் அவருடைய ஆட்டம் முடிந்துபோகும். விடாவிட்டால், இப்போது வந்து ஆடுவார் என்று ஒரு நினைப்பு இருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டு எல்லாரையும் போகச் சொன்னேன். நான் என்ன செய்ய?

உங்கள் தங்கச்சி,
நாகலெட்சுமி


கொட்டாஞ்சேனை.
6 ஓகஸ்ட் 2024

தங்கச்சிக்கு,

நீங்கள் கேட்டதற்கு என்னிடம் சாமான் இல்லை. ரிப்பேர்காரனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஆடாமல் நிற்கிற மெசின் கெட்டுப்போகும். உங்கள் ஊர் ஈரத்தில் இன்னும் சீக்கிரம்.

நான் ரிப்பேர் முடித்ததும் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். மணி அடிப்பது கையில் அதிரும். எனக்கு மிச்சம் இருப்பது அவ்வளவுதான். உங்களுக்குக் காது இருக்கிறது.

யோகேஸ்வரன்


கொட்டகலை.
18 ஓகஸ்ட் 2024

அன்புள்ள யோகேஸ்வரன் அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மெசினும் சுகம்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஆட்கள் எல்லாரும் கொட்டகலைக் கடைக்குப் போன நேரம். தனுஜா மட்டும் இருந்தாள். சுவிட்சைப் போட்டு, குண்டைத் தள்ளும் கம்பியை இழுத்து விட்டேன். குண்டு ஓடியது. டிங். டிங். டிங். அண்ணே, என் வீட்டுக்குள் மறுபடி அந்தச் சத்தம். நான் அப்படியே கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன். "கைய அமுக்கு சித்தி, கைய அமுக்கு!" என்று தனுஜா கத்துகிறாள். எந்தக் கை என்று நான் யோசிக்குமுன் குண்டு நடுவால் இறங்கிப் போய்விட்டது. ரோசா வளையல் போட்டதெல்லாம் சும்மா.

நாற்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. அவர் எண்ணில் என் பங்கும் கொஞ்சம் ஏறிவிட்டது. இருக்கட்டும், புருசன் பெண்சாதிக்குள் என்ன கணக்கு. ஆட்டம் முடிந்தது என்று விளக்கு எரிந்தது. உட்கார்ந்து அழுதேன். தனுஜாவும் அழுதாள். அழுதுகொண்டே, "நான் ஒரு தரம் ஆடவா சித்தி?" என்று கேட்டாள்.

சுவரில் சுண்ணாம்பால் அந்த எண்ணைப் பெரிதாக எழுதினேன். பிறகு நானேதான் சிவப்புப் பித்தானை அமுக்கினேன். சக்கரம் எல்லாம் கரகரவென்று சுற்றிப் பூச்சியத்துக்கு வந்தது. அந்தக் கரகர எனக்குத் தெரியும், அண்ணே. வேலை முடிந்து வந்து அவர் முதலில் போடும் சத்தம் அது. அதைக் கேட்டுத்தான் நான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பேன். அது இல்லாமல்தான் இத்தனை நாள் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டக் கை வரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. எழும்பிப் போய்த் தண்ணி வைத்தேன்.

இப்போது லயத்தில் வரிசையில் நின்று ஆடுகிறார்கள். சிவசாமி அண்ணன் தன் எண்ணைச் சொல்ல வெட்கப்படுகிறார். மூக்கன் எண்ணுக்குப் பக்கத்தில் யாரும் வரவில்லை. நான்தான் எல்லாரிலும் மோசம். மணி அடித்தால் எனக்குக் கை மறந்துவிடுகிறது.

நீங்கள் ஒரு தரம் வந்துபோக வேண்டும். கொட்டகலைக்கே ரயில் இருக்கிறது. காது கேட்காத ஆளுக்கு மணியில் மயங்கும் அந்தத் தொல்லை இல்லை. நீங்கள் ஜெயித்தாலும் ஜெயிப்பீர்கள்.

பலகைதான் இருக்கிறது. நாற்காலி வேண்டுமென்றால் கொண்டுவரவும்.

உங்கள் தங்கச்சி,
மூக்கன் நாகலெட்சுமி