வெள்ளையடித்த விளக்குக் கம்பம்

இன்று காலை மேனாம்பேட்டில் எங்கள் சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், தேர்தல் விளம்பரம் எழுத. எங்களைக் கேட்கவில்லை, யாரைத்தான் கேட்கிறார்கள்? ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்ததுமே, மகளின் கண்ணில் தெறித்துவிடுமோ என்று ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் உன் சிரிப்பு ஞாபகம் வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. தாமதமாகத்தான் எழுதுகிறேன், இவள் தூங்குகிற மதியங்கள்தான் எனக்கென்று மிச்சம்.

எண்பதுகளின் கடைசியில், கல்லூரி முடித்த கையோடு, அம்பத்தூரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் நாம் இருவரும் சேர்ந்தோம். கரண்ட் வராத இடங்களில் சூரிய விளக்கு நடுவது அவர்கள் திட்டம். நடுவதற்கு முன்னால் என்ன தடை வரும் என்று பார்த்துச் சொல்வது நம் வேலை. இடம் புறம்போக்கா பட்டாவா, பஞ்சாயத்து தீர்மானம் போடுமா, எந்தக் கட்சிக்காரருக்கு யாரோடு பேச்சு இல்லை, எல்லாம் விசாரிப்போம். "வெளிச்சத்துக்கு ஜாதகம் பாக்கற உத்தியோகம்டி இது" என்பாய்.

குத்தம்பாக்கம் தாண்டி, ஏரிக்கரை ஓரம் அந்தக் காலனி. கைக்குழந்தைக்காரி செல்வி நம்மை விடவே மாட்டாள். "புள்ளய தூக்கிகினு இருட்ல வரேன், பாம்பு குறுக்கால போவுதுக்கா. ஆனா இத்த நட்டுட்டா கரண்டு லைனு குடுக்க மாட்டாங்களாமே, மெய்யா?" அதற்காகவே நீ மின்வாரிய அலுவலகத்துக்கு நடையாக நடந்து, இது வேறு அது வேறு என்று அவர்கள் வாயால் சொல்ல வைத்தாய். இனி ஒரு தடையும் இல்லை என்று நம்பினோம்.

லாரியில் கம்பம் வந்தது. நிமிர்த்திய பிறகுதான் எல்லோரும் பார்த்தோம். அடிப்பாதி துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்ஸைடு சிவப்பு, மேல்பாதி கறுப்பு, அச்சாக ஒரு கட்சியின் கொடி. பட்டறையில் இருந்த பெயிண்ட் அவ்வளவுதான். அதுவோ தேர்தல் நேரம்.

"இன்னா மேடம், வெளக்கு கம்பமா, கொடிக்கம்பமா?" டீக்கடையிலிருந்து மாற்றுக் கட்சிக்காரர் எழுந்து வந்தார். "இது நின்னா பக்கத்துல எங்களுதும் நிக்கும்."

"நட்டுத்தான் பாரேன்" என்றார் கறுப்பு சிவப்புக் கட்சிக்காரர்.

பஞ்சாயத்துத் தலைவர் நம் பக்கம் திரும்பினார். "எடுத்துனு போய்டுங்கம்மா. எலெக்‌ஷன் முடியட்டும், பாத்துக்கலாம்."

செல்வி குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். நான் லாரிக்காரரைக் கூப்பிடத் திரும்பினேன். நீ நேராகப் போய், கறுப்பு சிவப்புக் கட்சி விளம்பரத்துக்காக எதிர்ச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவரிடம், "அண்ணே, அந்த வாளிய குடுங்க" என்றாய்.

"இரும்புல சுண்ணாம்பு நிக்காதும்மா."

"வெளக்கு எரியற வரைக்கும் நின்னா போதும்ணே."

புடவையைச் செருகிக்கொண்டு நீ கம்பத்துக்கு அடிக்க ஆரம்பித்தாய். டீக்கடையில் இருந்த மாற்றுக் கட்சிக் கூட்டம் கொஞ்ச நேரம் பார்த்தது. "டேய், அது அவன் சுண்ணாம்புடா! அப்புறம் கம்பமும் அவுனுதும்பான். நம்மளுத எட்தா!" ஓடிப்போய் அவர்களும் ஒரு வாளி கொண்டுவந்தார்கள். ஒரே கம்பத்தில் இரண்டு கட்சிச் சுண்ணாம்பு மட்டையும் ஏறி இறங்கியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பொழுது சாய்ந்ததும் விளக்கு எரிந்தது. செல்வி பாதையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தாள், சும்மா. பூந்தமல்லி வரும்வரை பஸ்ஸில் நீ சிரித்தாய், தலைமுடியெல்லாம் சுண்ணாம்போடு. "எல்லாத்தையும் விசாரிச்சோமே, கலர விசாரிச்சோமாடி?"

போன மாதம் மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். கரண்ட் வந்துவிட்டது. உன் கம்பமும் இருக்கிறது, வெள்ளையாக. "மழைல கரைஞ்சிடுதுக்கா. பொங்கலுக்குப் பொங்கல் ரெண்டு கட்சியும் சேந்து அடிச்சிடுவாங்க" என்றாள் செல்வி. பிறகு, "அந்த அக்கா வர்ல?" என்று கேட்டாள். நீ இறந்துபோனதைச் சொன்னேன். அவள் கம்பத்தின் மேல் கையை வைத்தாள்.

இப்போது எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். காய்ச்சல் என்றால் பயம், லாரி சத்தம் என்றால் பயம். ஆனால் பயம் வருகிற அந்த நேரத்திலேயே, பக்கத்தில் யார் கையில் வாளி இருக்கிறது என்று என் கண் தேட ஆரம்பித்துவிடுகிறது. அது நீ கொடுத்துவிட்டுப் போனது.

காலையில் கதவை மறுபடி திறந்தேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போய், சுண்ணாம்பு அடிப்பவர் அடித்து முடிக்கும்வரை இருவரும் வேடிக்கை பார்த்தோம்.