சாக்குப் பிடிக்க ஆள்

மார்ச் 3, ஞாயிறு

வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்குப் பதிலாக ஆற்றங்கரையில் குப்பை பொறுக்கலாம் என்று போனேன். எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர்தான் இதை நடத்துகிறார். ஞாயிறு காலை, யார் வேண்டுமானாலும் வரலாம், கையுறை தரப்படும் என்று கடைக் கதவில் ஒட்டியிருந்தார்.

ஜோடியாக வர வேண்டும் என்று மட்டும் போடவில்லை. "ஒருத்தர் சாக்கு வாயைப் பிரிச்சுப் பிடிங்க, இன்னொருத்தர் பொறுக்கிப் போடுங்க" என்றார். புருஷன் பெண்டாட்டி, அம்மா மகள், ஒரே ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் என்று எல்லோரும் நின்ற இடத்திலேயே ஜோடி சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் நான். கொஞ்ச நேரம் அவரே எனக்குப் பிடித்தார்; போன் வந்தது, போய்விட்டார். காற்றடித்தால் சாக்கு வாயை மூடிக்கொள்கிறது. பல்லால் கடித்துப் பிடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். சீ.

தங்கை இந்த ஊரில் இருந்திருந்தால் பிடித்திருப்பாள். "குனியறதெல்லாம் நீ, எனக்கு இடுப்பு வலி" என்று சொல்லிக்கொண்டே பிடித்திருப்பாள்.

மார்ச் 6, புதன்

படுக்கை விரிப்பு துவைத்தேன். இத்தனை வருஷமாக நானும் தங்கையும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி மடிப்போம். கடைசியில் வேண்டுமென்றே ஒரு சுண்டு சுண்டுவாள். என் கையிலிருந்து நழுவும், சிரிப்பாள். இன்று கட்டிலில் பரப்பி, சுற்றிச் சுற்றி வந்து நானே மடித்தேன். கோணல். சலவைக்கடையில் வேலை பார்க்கிறவள் வீட்டு விரிப்பு இந்த லட்சணம்.

அவள் போன் செய்தாள். எடுக்கவில்லை. நாற்பத்து நாலு வயதில் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனவளிடம் பேச என்ன இருக்கிறது? போ என்று சொன்னதும் நான்தான். "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருப்பேன்" என்று சொன்னதும் நான்தான். அதை அவள் நம்பிவிட்டாளே, அதுதான் கோபம்.

மார்ச் 10, ஞாயிறு

இன்று ஜோடி கிடைத்தது. பள்ளி வேன் ஓட்டுகிற பெண். வழக்கமாக நாத்தனாரோடு வருவாளாம், நாத்தனாருக்குக் காய்ச்சல். நான் வைத்த பெயர் ரேடியோ. முழங்கால் வலி, மாமியார் வளர்க்கும் கிளி, வேனில் தினமும் செருப்பைத் தொலைக்கும் வாண்டு – வாய் ஓயவில்லை. "அக்கா, அந்தப் பாட்டிலைப் பாருங்க, போன வாரமே என்னைப் பார்த்து முறைச்சது!" காது புளித்துப் போய் வீட்டுக்கு வந்தேன்.

வந்து கதவைத் திறந்தால் ஒரே அமைதி. பிடிக்கவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

நாத்தனாருக்குக் குணமாகிவிட்டது. பாழாய்ப்போன காய்ச்சல், இன்னும் ஒரு வாரம் இருந்தால் என்ன? பாவம், அப்படி நினைக்கக் கூடாது. நினைத்தேன்.

"உங்களுக்குத்தான் தனியா செஞ்சு பழக்கமாச்சே" என்றார் மருந்துக்கடைக்காரர். பாராட்டுகிறாராம்.

மார்ச் 20, புதன்

கடையில் வளைந்துபோன கம்பி ஹேங்கர்கள் கிடந்தன. மூன்றை நிமிர்த்தி, வட்டமாக்கி முறுக்கினேன். சாக்கு வாயை அதன்மேல் மடித்துவிட்டால் திறந்தபடியே நிற்கிறது. கொக்கியை வெட்டவில்லை, இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ளலாம்.

"என்னம்மா இது, யானைக்கு வளையலா?" என்றார் முதலாளி.

இனி எனக்கு யாரும் பிடிக்க வேண்டாம். யாரும்.

மார்ச் 24, ஞாயிறு

ஜோடிகளைவிட அதிகமாக நான் ஒருத்தியே நிரப்பினேன்! மருந்துக்கடைக்காரர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, இனிமே ஜோடியே தேவையில்லையே! எல்லாருக்கும் பண்ணித் தருவீங்களா?" எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் குஷியில் தங்கையின் போனை எடுத்துவிட்டேன். கதை முழுக்கச் சொன்னேன். "இப்ப எனக்கு ஒருத்தர் தயவும் வேண்டாம், தெரியுமா?" என்றேன். "சரிக்கா" என்றாள். வைத்துவிட்டாள்.

அப்படியா சொல்ல நினைத்தேன்?

ஏப்ரல் 7, ஞாயிறு

எல்லோர் இடுப்பிலும் என் வளையம். ஆற்றங்கரை முழுக்கத் தள்ளித் தள்ளி, ஆளுக்கொரு மூலையில் குனிந்திருந்தார்கள். குவியல் இதுவரை இல்லாத உயரம். மருந்துக்கடைக்காரர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

ரேடியோ காதில் ஒயரை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். தலையை மட்டும் ஆட்டினாள். கரையில் பிளாஸ்டிக் சரசரப்பதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. டீ குடிக்கும்போதும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பாதிப் பேர்கூட வரவில்லை. அம்மாவும் மகளும் இல்லை. ரேடியோ இல்லை. சாயங்காலம் அவளுக்கு போன் செய்தேன், உடம்புக்கு முடியவில்லையோ என்று.

"நல்லாத்தான் இருக்கேன்க்கா. வந்து என்ன பண்ண? வீட்லயும் நான் ஒருத்தியாத்தான் எல்லாத்தையும் பொறுக்கறேன். அங்கயும் வந்து ஒருத்தியா பொறுக்கணுமா? வாரத்துல அந்த ஒரு காலைதான் நான் பேசறதை யாராவது கேப்பாங்க."

கிளி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

ஏப்ரல் 22, திங்கள்

அடிப்பாவி. என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது போதாதென்று எல்லோர் தலையிலும் போட்டுவிட்டேன்.

மே 2, வியாழன்

"வளையமெல்லாம் அழுக்கா இருக்கு, கழுவித் தரேன்" என்று சொல்லி மருந்துக்கடையிலிருந்து அத்தனையையும் அள்ளி வந்தேன். சலவைக்கடைக்காரி சொன்னால் நம்ப மாட்டார்களா? கடையில் ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி ஹேங்கராக வளைத்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. மாட்டிய சட்டைகள் எல்லாம் ஒரு தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி தண்ணீர் குடித்து, தங்கைக்கு போன் செய்தேன்.

"ஞாயித்துக்கிழமை வர்றியா? சாக்குப் பிடிக்க ஆள் வேணும்."

"உனக்குத்தான் கம்பி இருக்கே?"

"உடைஞ்சு போச்சு."

"கம்பி எப்படிக்கா உடையும்?"

"உடைஞ்சுதுன்னா உடைஞ்சுது. வர்றியா, இல்லையா?"

மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்கிறேன் என்பாள் என்று நினைத்தேன். "முதல் பஸ்ஸுக்கே வரேன்" என்றாள்.

மே 5, ஞாயிறு

"வளையம் எங்கம்மா?" என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லாம் துருப்பிடித்துவிட்டது என்றேன். இந்த வெயிலில் துருவா என்பதுபோலப் பார்த்தார். பிறகு, "சரி, ஜோடி சேருங்க" என்றார். நான் சொன்னதால் ரேடியோ நாத்தனாரோடு வந்திருந்தாள். கரை முழுக்க அவள் குரல்தான் கேட்டது.

தங்கை சாக்கைக் கோணலாகப் பிடித்தாள். திட்டினேன். குப்பை பாதி வெளியே விழுந்தது. மறுபடி திட்டினேன். "இதுக்குத்தான் கூப்பிட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஈரத் துண்டைக் காயப்போட இடம் தேடினாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் என் வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் செய்தது, அதை மட்டும் பிரிக்க மனசு வரவில்லை. உடையாமல், துருப்பிடிக்காமல், பளபளவென்று. அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். துண்டை அதன்மேல் போட்டாள்.

விரிப்பை மடித்தோம். சுண்டினாள். நழுவவிட்டேன்.

கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். துண்டை மறந்துவிட்டாள். அடுத்த ஞாயிறு எடுத்துக்கொள்ளட்டும்.