கேப்பில் ஒரு ஜப்பான் பாட்டு

செவ்வாய் இரவு, தாம்பரம்

எங்கள் ஆபீஸ் கேப்பில் ஒரு பழக்கம். வீடு திரும்பும்போது முன் சீட்டில் யார் உட்காருகிறார்களோ, அவர்கள் போனிலிருந்துதான் பாட்டு. இன்று முன் சீட் எனக்குக் கிடைத்தது. துணிந்து அந்த ஜப்பான் பேண்டைப் போட்டேன். ரூம்மேட் அறையைக் காலி செய்துகொண்டு போன அந்த வாரம், போனில் வேறெதோ வீடியோ முடிந்ததும் தானாக வந்து மாட்டியவர்கள். அந்த வீடியோவில், டோக்கியோவில் ஏதோ கட்டடத்தின் பேஸ்மென்ட்டில் வாசிக்கிறார்கள். எதிரே பத்துப் பேர்கூட இல்லை.

பாதிப் பாட்டு ஓடியிருக்காது. "டிஃபரென்ட்டா இருக்குப்பா" என்றாள் பின் சீட்டிலிருந்து திவ்யா. திரும்பிப் பார்த்தேன். பின்னால் மூன்று பேர் காதிலும் இயர்போன். முகம் சுளித்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

கோவிலம்பாக்கத்தில் திவ்யாவும், பல்லாவரத்தில் மற்ற இருவரும் இறங்கினார்கள். பாட்டை நிறுத்தப் போனேன்.

"இருக்கட்டும்மா" என்றார் டிரைவர் அண்ணா. "இன்னா சொல்றான் இந்தப் பாட்டுல?"

"தெரியலண்ணா."

"எனுக்கும் தெரில. ஆனா யாரையோ கூப்ட்டுகினே கீறான் பாரு."

ரூமுக்கு வந்து மறுபடி கேட்டேன். இத்தனை நாள் கிடாரைத்தான் கேட்டிருக்கிறேன். அண்ணா சொன்னது சரி. பெயர் மாதிரி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறான். பாட்டு முடியும்வரை யாரும் ஏனென்று கேட்கவில்லை.

இதை இப்போதே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். திவ்யா வேண்டாம். ரூம்மேட் வேண்டாம். அண்ணாவின் நம்பர் 'கேப் டிரைவர்' என்றுதான் இருக்கிறது. ஒருநாளும் அவர் பெயரைக் கேட்டதில்லை.